அடுத்த படி தெரிந்தவர்கள்

வேலையில் இருக்கும் ஒருவரிடம் முன்பின் தெரியாத ஆள் போய் "உங்க கனவு என்ன?" என்று கேட்டால் எங்கேயும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். சொந்த வீடு. பிள்ளைகள் நல்லாப் படிக்கணும். சொந்தமாக ஒரு தொழில். அதுவும் இல்லையென்றால், "கனவெல்லாம் நமக்கெதுக்குங்க" என்று ஒரு சிரிப்பு. இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு அந்த மனிதரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கேள்வி பொத்தாம்பொதுவாக இருந்ததால் பதிலும் அப்படியே வந்தது.

அதே ஆளிடம் "அடுத்து என்ன செய்யறதா இருக்கீங்க?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் "அதுக்கு என்னென்ன வேணும்?" என்று தொடருங்கள். பேச்சு தரைக்கு வந்துவிடும். ஒருவர் பரீட்சைத் தேதியைச் சொல்வார். ஒருவர் மெஷினின் மாடலைச் சொல்வார். ஒருவர், "முதல்ல இந்தக் கடன் முடியணும், இன்னும் பதினோரு தவணை இருக்கு" என்பார். பதினோரு தவணை என்று எண்ணி வைத்திருப்பவர் பன்னிரண்டாவது மாதத்தைப் பற்றி ஏற்கெனவே யோசித்துவிட்டார். லட்சியம் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது, பெரிய வார்த்தைகளில் இல்லை.

கான்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் சார்லஸ் ஸ்னைடரும் அவரது குழுவும் 1991இல் நம்பிக்கையை அளக்க ஒரு சிறு வினாத்தாள் வெளியிட்டார்கள். மொத்தம் 12 வாக்கியங்கள். அதில் 4 வெறும் இட்டுநிரப்பல். மீதி எட்டில் நான்கு, போக வழி தெரிகிறதா என்று பார்க்கும். நான்கு, போய்ச் சேர முடியும் என்ற தெம்பு இருக்கிறதா என்று பார்க்கும். வழியும் தெம்பும் வேறுவேறு என்று பிரித்ததுதான் அதன் பயன். முன்பின் தெரியாதவர்களோடு பேசும்போது இந்தப் பிரிப்பைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை என்பது என் கருத்து. தெம்பு நிறைய இருந்து வழி தெரியாதவர்கள் இருக்கிறார்கள். வழி முழுக்கத் தெரிந்தும் தெம்பு வற்றிப்போனவர்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் "பார்க்கலாங்க" என்றுதான் சொல்வார்கள்.

வெல்டிங் வேலையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அந்தத் தொழிலில் எதிர்காலத்துக்கு எண் போட்டே வைத்திருக்கிறார்கள். தட்டையாகக் கிடக்கும் தகட்டில் போடும் வெல்டு 1ஜி. செங்குத்தான தகட்டில் கீழிருந்து மேலாகப் போடுவது 3ஜி. தலைக்கு மேலே பார்த்துப் போடுவது 4ஜி. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்தி, அதைச் சுற்றி வெல்டர் நகர்ந்து போடுவது 6ஜி. இந்தத் தேர்வில் கை எல்லா நிலையிலும் வேலை செய்தாக வேண்டும் என்பதால், இதில் தேறியவருக்கு மற்ற நிலைகளும் கூடவே கிடைத்துவிடும். ஒரு வெல்டர் "பெரிய வேலைக்குப் போகணும்" என்று சொன்னால் அது ஒரு தகவல். "6ஜி போடணும், ரூட் டிக்ல சரியா வருது, அடியில மட்டும் உள்வாங்குது" என்று சொன்னால் அது முற்றிலும் வேறு தகவல். ரூட் என்பது இணைப்பின் உட்புறம் விழும் முதல் அடுக்கு, டிக் என்பது ஒரு வெல்டிங் முறை. குழாயின் வட்டத்தைக் கடிகாரமாக நினைத்தால், முள் ஆறில் நிற்கும் இடம்தான் அவர் சொல்லும் அடி. உருகிய உலோகம் உட்புறம் சரியாக நிற்காமல் அந்த இடத்தில் குழி விழும். வெல்டிங்கை நிறுத்தி மறுபடி தொடங்கும் இடத்தில் பழைய உலோகமும் புதியதும் ஒட்டாமல் போவது அடுத்த தொல்லை. சோதனைத் துண்டை வெட்டி வளைத்துப் பார்க்கும்போது 3 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு வாய் பிளந்தால் தேர்வு போயிற்று. தனக்கு எந்த இடத்தில் தவறுகிறது என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவர், அதைத் தாண்டப் பாதி வேலையை முடித்துவிட்டார்.

இதே தொழிலில் நம்பிக்கைக்கு ஒரு காலாவதியும் உண்டு. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதித்தொகுப்பில் 9ஆம் பிரிவு, ஒரு வெல்டர் தேறிய முறையில் 6 மாதம் வேலையே செய்யாவிட்டால் அந்தத் தகுதி செல்லாது என்கிறது. டிக் வெல்டிங்கில் தேறியவருக்கு ஆறு மாதம் வேறு முறையில் இரும்புக் கேட் செய்யும் வேலை மட்டும் கிடைத்தால், மறுபடி சோதனைத் துண்டில் உட்கார வேண்டியதுதான். "ஏன் சின்ன வேலைக்கெல்லாம் போறீங்க?" என்று கேட்பவருக்கு இது புரியாது. கூலி குறைந்தாலும் அந்த முறையில் ஒரு வேலையைப் பிடித்துச் செய்வது, கையில் இருக்கும் தகுதியைச் சாகவிடாமல் வைத்திருக்கத்தான். "கடைசியா எப்ப டிக் போட்டீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அதற்கு வரும் பதிலில் அவருடைய அடுத்த வருடமே தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட விவரம் முதல் நிமிடத்தில் வராது. வரவழைப்பதில் கேள்விகளின் வரிசைக்குப் பெரிய பங்கு உண்டு. எதிர்காலத்திலிருந்து தொடங்கக் கூடாது. கண்முன்னே நடக்கும் வேலையிலிருந்து தொடங்குங்கள். "காலையில வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?" என்று ஒரு நாளைச் சொல்ல வைப்பது, இனவரைவியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் வழி. இதில் சரி, தவறு என்று ஒன்றும் இல்லாததால் யாருக்கும் கூச்சம் வராது. அடுத்து, "இதுல கஷ்டமான இடம் எது?" இந்தக் கேள்வி கேட்டதும் பெரும்பாலானவர்களின் குரல் மாறும். அவர் செய்வது திறமை வேண்டிய வேலை என்று நீங்கள் ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். பிறகு, "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" ஊர், உறவு, விட்டுப்போன படிப்பு, முதல் முதலாளி எல்லாம் இந்தக் கேள்வியில் தானாக வரும். தனியாக எதையும் தோண்ட வேண்டியதில்லை. இவ்வளவுக்கும் பிறகுதான் "அடுத்து என்ன?" அதன் பின்னால் இரண்டு சிறிய கேள்விகள்: "அதுல எது ஏற்கெனவே கையில இருக்கு?", "இப்ப எங்க நிக்குது?"

"ஏன்" என்று தொடங்கும் கேள்விகளை விட்டுவிடலாம். "ஏன் படிப்பை விட்டீங்க?", "ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க?" இரண்டிலும் நியாயம் கேட்கும் தொனி இருக்கிறது, கேட்பவர் நினைக்காவிட்டாலும். "அப்ப என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் அதே விஷயம் குற்றவுணர்வு இல்லாமல் வரும்.

பேச்சின் நடுவே வரும் மௌனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பலரும் கோட்டை விடுவது அங்கேதான். 10 மொழிகளில் உரையாடல்களைப் பதிவுசெய்து 2009இல் டான்யா ஸ்டிவர்ஸ் குழு வெளியிட்ட ஆய்வின்படி, ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்கும் பதிலுக்கும் இடையே உள்ள இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த வேகத்துக்குப் பழகிய காதுக்கு மூன்று விநாடி மௌனம் ஏதோ கோளாறு போலத் தோன்றும். உடனே நாம் உதவிக்கு ஓடுவோம்: "சொந்தக் கடை மாதிரியா? இல்ல வெளிநாடா?" அவரும் மரியாதைக்காக இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்வார். அவருடைய உண்மையான பதில் அத்தோடு போய்விடும். எதிர்காலத்தைப் பற்றிய கேள்விக்கு நான்கைந்து விநாடி ஆகும், சில சமயம் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் பதில் வரும். பார்வையை விலக்கி, அவர் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள்.

வந்த பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுக்க வேண்டும். 2017இல் ஹார்வர்டில் கேரன் ஹுவாங் முதலானோர் செய்த ஆய்வில், கேள்வி அதிகம் கேட்பவரை எதிராளிக்குப் பிடிக்கிறது என்று கண்டார்கள். அதிலும் முந்தைய பதிலைத் தொட்டுக் கேட்கும் தொடர்கேள்விகளுக்கே அந்தப் பலன் அதிகம். மனதில் பட்டியல் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டால் வேலை செய்பவருக்கு அது விசாரணை போல இருக்கும். விசாரணைக்கு வரும் பதில்கள் எப்போதும் சுருக்கமானவை.

முன்பின் தெரியாதவரிடம் ஏன் இவ்வளவு சொல்கிறார்கள் என்ற கேள்விக்குப் பழைய பதில் ஒன்று உண்டு. சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908லேயே எழுதினார்: நெருங்கியவர்களிடம் மறைப்பதை அந்நியரிடம் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அந்நியர் அந்த வாழ்க்கைக்குள் இல்லை. சக ஊழியரிடம் "வேற வேலை தேடறேன்" என்று சொன்னால் நாளைக்கு மேற்பார்வையாளர் காதுக்குப் போகும். வீட்டில் சொன்னால் எதிர்பார்ப்பு உருவாகும், நடக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்தில் இறங்கிப் போகும் ஆளிடம் சொல்வதில் இந்த ஆபத்து எதுவும் இல்லை. சிகாகோவில் ரயிலிலும் பேருந்திலும் போகிறவர்களை வைத்து நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பக்கத்தில் இருப்பவரோடு பேசியவர்களுக்குப் பயணம் தாங்கள் நினைத்ததைவிட இனிமையாக இருந்தது என்று காட்டியது. பேசினால் சங்கடமாக இருக்கும் என்றுதான் மக்கள் முன்கூட்டி நினைக்கிறார்கள்.

ஆனால் அந்த ரயிலில் இருந்த இரண்டு பேரும் பயணிகள். இங்கே ஒருவர் வேலையில் இருக்கிறார், அவரால் எழுந்து போக முடியாது. இந்த வித்தியாசத்தை மறந்தால் எல்லாமே கெட்டுவிடும். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1983இல் "உணர்ச்சி உழைப்பு" என்று ஒன்றைப் பிரித்துக் காட்டினார். சிரிப்பதும் பொறுமையாக இருப்பதுமே சம்பளத்துக்குள் அடங்கிய வேலை என்பது அதன் பொருள். வாடிக்கையாளர் நட்சத்திர மதிப்பெண் போடும் தொழில்களில் இந்தப் பாரம் இன்னும் அதிகம். அங்கே ஓட்டுநரோ டெலிவரி ஆளோ உற்சாகமாகப் பேசுவது விருப்பமா, வேலையா என்று உங்களுக்குத் தெரியாது. முடிந்தால் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு, பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். கணக்கு முடிந்தபின் நின்று பேசுகிறவர் தனக்காகப் பேசுகிறார்.

விருப்பமில்லை என்பதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் வந்து, அவர் பக்கத்திலிருந்து எதுவும் திரும்பி வரவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, கத்தியோ சவரக் கத்தியோ தோலில் இருக்கும்போது, பணம் எண்ணும்போது, ஷிப்ட் மாற்றும்போது வாயே திறக்கக் கூடாது. காத்திருக்கும் நேரம்தான் பேச்சுக்கு நல்லது: லோடு ஏறும்வரை உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர், இரவு இரண்டு மணிக்கு வாசலில் இருக்கும் காவலாளி, பெயின்ட் காய்வதற்காக நிற்கும் ஆள். முதலாளி காதில் விழும் தூரத்தில் "அடுத்து என்ன?" என்று கேட்பது அவர் வேலைக்கே உலை வைக்கும். அங்கே வரும் "இங்கேயே நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதிலை நம்பவும் வேண்டாம்.

சொந்தத் தொழில் என்ற ஆசையை எடுத்துக்கொள்வோம். அதிகம் கேட்பது இதைத்தான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பத்து வருடமாகக் காலர் மட்டும் வைத்துத் தைப்பவர் "சொந்தமா டெய்லரிங் கடை போடணும்" என்றால், மெஷின் வாங்கப் பணம் இல்லாததுதான் தடை என்று கேட்பவர் நினைப்பார். பெரும்பாலும் தடை வேறு. அவருக்குத் தையல் தெரியும், கட்டிங் தெரியாது. தொழிற்சாலையில் துணி வெட்டுவது இன்னொரு பிரிவின் வேலை. அளவெடுத்து, தோளும் அக்குளும் சரியாக விழும்படி வெட்டத் தெரியாமல் கடை திறந்தால் முதல் மாதமே துணிகள் திரும்பி வரும். "கட்டிங் யார்கிட்ட கத்துக்கறீங்க?" என்று கேளுங்கள். "பேப்பர்ல வெட்டிப் பார்த்துட்டிருக்கேன், எங்க வீட்டு ஆளுங்களுக்கு மூணு போட்டுப் பார்த்தாச்சு, கைக்குழி மட்டும் இழுக்குது" என்று பதில் வந்தால் அந்தக் கடை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். "மெஷின் மட்டும் இருந்தாப் போதும்" என்று வந்தால் ஆசை இருக்கிறது, வழி இன்னும் தெரியவில்லை. கடன் வாங்கி மெஷினை முதலில் வாங்குபவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

லாரி ஓட்டுநரின் "சொந்த வண்டி" ஆசையிலும் இதே மாதிரி ஒரு மறைவான முடிச்சு இருக்கிறது. முன்பணம், மாதத் தவணை, காப்பீடு, டயர் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த செலவு. தெரியாதது, திரும்பி வரும்போது லோடு யார் தருவார் என்பது. காலியாகத் திரும்பும் வண்டி டீசலைத் தின்றுகொண்டே வரும், வருமானம் இராது. இன்னொன்று, டீசலுக்கும் சுங்கத்துக்கும் இன்றே பணம் வேண்டும், சரக்குக் கூலி வாரக்கணக்கில் கழித்து வரும். அந்த இடைவெளியை ஓட்டக் கையில் பணம் இல்லாமல்தான் பல சொந்த வண்டிகள் கைமாறுகின்றன. "ரிட்டர்ன் லோடு எப்படி?" என்று கேட்டதும் சில ஓட்டுநர்கள் பத்து நிமிடம் பேசுவார்கள். எந்த ஊர் புரோக்கர் நேரத்துக்குப் பணம் தருவார், யார் இழுத்தடிப்பார் என்று எல்லாம் மனதில் இருக்கும். சம்பளத்துக்கு ஓட்டும் காலத்திலேயே அந்தத் தொடர்புகளைச் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். வெளியே தெரியாத முதலீடு அது.

எல்லா லட்சியமும் மேலே போவதில்லை. பதவி உயர்வு வேண்டாம் என்று சொல்பவரை ஊக்கமில்லாதவர் என்று எழுதிவிடுவது சுலபம். அவரிடம் கணக்குக் கேட்டால் வேறு சித்திரம் கிடைக்கும். மேற்பார்வையாளர் ஆனால் மாதச் சம்பளம் நிரந்தரம், ஆனால் ஓவர்டைம் போய்விடும். பல இடங்களில் மொத்த வருமானம் குறைந்துவிடும். நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு ஞாயிறு ஷிப்ட் போட வேண்டியிருக்கும். பழுது யாருடையதானாலும் திட்டு இவருக்கு. இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து வேண்டாம் என்கிறார். அவருக்கு வேண்டியது பகல் ஷிப்டாக இருக்கலாம், வாரத்தில் ஒரு நாள் உறுதியான விடுப்பாக இருக்கலாம். நேரத்தின் மேல் உள்ள ஆசையும் லட்சியம்தான். உழைப்பவர்களோடு பேசப் பேச, பணத்தைவிட இதைக் கேட்பவர்கள்தான் அதிகமோ என்று தோன்றும்.

வேலையிலேயே நிறைவைக் காண்பவர்களும் இருக்கிறார்கள். வேலையைப் பிழைப்பாக, முன்னேற்றப் பாதையாக, அழைப்பாக என்று மூன்று விதமாக மக்கள் பார்க்கிறார்கள் என்று ஏமி ரெஸ்னெவ்ஸ்கி குழு 1997இல் காட்டியது. ஒரே பதவியில் இருந்த நிர்வாக உதவியாளர்களுக்குள்ளேயே மூன்று பார்வையும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்திருந்தன. எனவே வேலையின் பெயரை வைத்து ஆளின் மனதை ஊகிக்க வேண்டாம்.

"என் காலம் முடிஞ்சுது, இனி பசங்கதான்" என்ற பதிலைக் கேட்டதும் கேட்பவர் முகம் வாடிவிடும். வாடத் தேவையில்லை. ஆசை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள்: எந்த வகுப்பு, எந்தப் பாடம் வரவில்லை, அடுத்து எந்தப் படிப்பு, விண்ணப்பம் எப்போது. தன்னைப் பற்றி நான்கு சொல்லில் முடித்துக்கொண்ட துப்புரவுத் தொழிலாளி மகளின் நுழைவுத்தேர்வைப் பற்றி மாதவாரியாகச் சொல்வார். சில சமயம் இந்த விவரம் பழையதாக இருக்கும். வேலையின் பெயர் தெரியும், அதற்குப் போகும் படிப்பு மாறிவிட்டது தெரியாது. அர்ஜுன் அப்பாதுரை 2004இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. ஆசைப்படுவதும் ஒரு திறன். வசதியுள்ளவர்களுக்கு அதைப் பழகிப் பார்க்க வாய்ப்பு அதிகம் கிடைக்கிறது. கண்முன் முயன்று தோற்று மறுபடி முயல்பவர்கள் நிறைய இருப்பதால் அவர்களுக்குப் பாதையின் வரைபடம் மனதில் இருக்கிறது. ஏழைகளுக்கு ஆசை குறைவு என்பதல்ல, இடைப்பட்ட படிகளைப் பார்க்கும் வாய்ப்புக் குறைவு.

இதற்கு நல்ல சான்று எத்தியோப்பியக் கிராமங்களில் 2010இல் தொடங்கிய பரிசோதனை. தங்களைப் போன்ற சூழலிலிருந்து சொந்த முயற்சியில் முன்னேறியவர்களின் கதைகளைச் சொல்லும் ஆவணப்படங்களைச் சுமார் ஒரு மணி நேரம் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். வேறு சிலருக்கு வெறும் பொழுதுபோக்கு நிகழ்ச்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது ஆவணப்படம் பார்த்தவர்களின் சேமிப்பும் பிள்ளைகளின் படிப்பில் காட்டிய அக்கறையும் கூடியிருந்தன. தூரத்து நட்சத்திரத்தைக் காட்டவில்லை, பக்கத்து ஊர்க்காரர் மாதிரி ஒருவரைக் காட்டினார்கள். பொருளியலாளர் தேப்ராஜ் ராய் 2006இல் எழுதியதும் இதோடு பொருந்தும்: இருக்கும் இடத்துக்கும் ஆசைக்கும் உள்ள தூரம் மிகக் குறைவாக இருந்தால் முயற்சி எழாது, மிக அதிகமாக இருந்தாலும் எழாது.

பெரிதாகப் பேசுபவரிடம் கொஞ்சம் கவனம் வேண்டும். வேலை தேடும் பட்டதாரிகளை ஆராய்ந்த கேப்ரியேல் எட்டிங்கென், டோரிஸ் மாயர் இருவரும் 2002இல் வெளியிட்ட முடிவு இது: நல்ல வேலை கிடைத்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் பிறகு குறைவாகவே விண்ணப்பித்தார்கள், குறைவாகவே சம்பாதித்தார்கள். கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். கற்பனை இப்போதே இனிக்கிறது, எதிர்பார்ப்பு வேலை வாங்குகிறது. இரண்டையும் பிரித்தறிய அந்த ஆசைக்காக ஏற்கெனவே எதையாவது கொடுத்திருக்கிறாரா என்று கவனித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகள், தூக்கம், விற்ற ஒரு பொருள், விட்டுவிட்ட ஒரு பழக்கம். கொடுத்தவர் அதைத் தானாகச் சொல்லிவிடுவார்.

வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்டிடம் பணம் கட்டியிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அங்கே சும்மா தலையாட்டக் கூடாது. தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் உடன்படிக்கையின் பொது விதி. எல்லா நாடும் அதை ஏற்கவில்லை, விதிவிலக்குகளும் உண்டு. ஆனாலும் "ஒப்பந்தம் கையில இருக்கா? அதுல முதலாளி பேரு, சம்பளம், வேலை நேரம் எழுதியிருக்கா? உங்களுக்குப் புரியற மொழியில படிச்சீங்களா? கட்டின பணத்துக்கு ரசீது இருக்காண்ணே?" என்று நான்கு கேள்வி கேட்பது எங்கேயும் செல்லும். பயமுறுத்தாமல் கேளுங்கள். நம்பிக்கையை உடைக்க வேண்டியதில்லை, அதற்கு ஒரு காகிதம் வேண்டும் என்று சொன்னால் போதும்.

கேட்பவரால் கெடும் பேச்சுகள்தான் அதிகம். அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் அவர் "சரிங்க சார்" என்று மூடிக்கொள்வார். பரிதாபப்பட்டால் கோபம் வரும், காட்ட மாட்டார். "நீங்கதான் உண்மையான ஹீரோ" என்று புகழ்ந்தால் அதற்கு மேல் அவரால் தன் குழப்பத்தைப் பேச முடியாது. எல்லாவற்றையும்விட மோசம் வாக்குக் கொடுப்பது. "நான் ஒருத்தர்கிட்ட சொல்றேன், ஏற்பாடு பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் அன்று மாலையே மறந்துவிடுவார். அதை நம்பியவர் மாதக்கணக்கில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், சிலர் வேறு வாய்ப்பைக்கூடத் தள்ளிப்போடுவார்கள். செய்ய முடியும் என்று உறுதியாகத் தெரியாத எதையும் சொல்ல வேண்டாம். படம் எடுப்பதும் முகத்தோடு எழுதிப் போடுவதும் வேண்டாம். வேலை மாற நினைக்கிறார் என்ற ஒரு வரியே அவருக்கு வினையாகலாம்.

கேட்டதிலிருந்து பெரிய முடிவுகளுக்குத் தாவுவதிலும் ஆபத்து உண்டு. நாம் பேசுவது பேசக் கிடைப்பவர்களோடு மட்டும். ஓட்டுநரும் முடிதிருத்துபவரும் கண்ணுக்குத் தெரிகிறார்கள். பாத்திரம் கழுவுபவரும் குளிர்கிடங்கில் மூட்டை அடுக்குபவரும் தெரிவதில்லை. நம்பிக்கை இழந்தவர் நின்று பேசவும் மாட்டார். சம்பளம் வந்த அன்று பேசியவரும் மாதக் கடைசியில் பேசியவரும் ஒரே ஆளானாலும் இரண்டு விதமாகப் பேசுவார்.

அந்நியரால் தரக்கூடியதும் ஒன்று உண்டு. மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் 16.7 சதவீதத்தினர்தான் அந்த நபரை அடிக்கடி சந்திப்பவர்கள். 55.6 சதவீதத்தினர் எப்போதாவது சந்திப்பவர்கள், 27.8 சதவீதத்தினர் அரிதாகவே சந்திப்பவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், புதிய தகவல் தூரத்திலிருந்துதான் வரும். ஆகவே அறிவுரைக்குப் பதில் தகவல் கொடுங்கள். அந்தத் தேர்வுக்கு வயது வரம்பு எவ்வளவு, விண்ணப்பம் எந்த மாதம் திறக்கும், எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு, எதற்கு இல்லை. உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை, ஒன்றை மட்டும், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். இரவுக் காவலில் உட்கார்ந்து படிக்கும் இளைஞருக்கு, வயது வரம்பு விண்ணப்பிக்கும் நாளில் கணக்கிடப்படுகிறதா, வேறொரு குறிப்பிட்ட தேதியிலா என்ற ஒரு விவரம் ஒரு வருடத்தைக் காப்பாற்றிவிடும்.

"நீங்க என்ன பண்றீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள், உங்களுடைய அடுத்த படியையும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால் அது பேச்சு இல்லை.

அதே ஆளை மறுபடி பார்க்க நேர்ந்தால், "எப்படி இருக்கீங்க?" என்று பொதுவாகக் கேட்பதற்குப் பதில் அவர் சொன்ன பொருளைச் சொல்லியே கேளுங்கள்: "கட்டிங் முடிச்சிட்டீங்களாக்கா?", "தவணை எத்தனை மிச்சம்ணே?", "பரீட்சை தேதி வந்துடுச்சா தம்பி?" பல சமயம் "இன்னும் இல்லை" என்றுதான் பதில் வரும். அங்கே விட்டுவிடாமல் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். இரண்டாம் சந்திப்பில் கிடைப்பது முதல் சந்திப்பைவிட உண்மையானது. திட்டங்கள் தோற்கும்போது பெரும்பாலும் முழுசாகச் சாவதில்லை, அளவு மாறுகிறது. ஆறு மாதம் என்றது ஒன்றரை வருடமாகும், சொந்த வண்டி என்றது பாதிப் பங்காகும், கடை என்றது வீட்டின் முன்னறையில் ஒரு மெஷினாகும். ஏன் மாற்றினார், எதைக் குறைத்தார், எதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை என்று அவர் சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.